சாக் குன்றுகளில் வசந்தகாலப் பட்டாம்பூச்சிகள்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லண்டனுக்குத் தெற்கே ஒரு மணி நேர ரயில் தூரத்தில் இங்கிலாந்தின் மிகச் சிறந்த பட்டாம்பூச்சி இடங்கள் சில இருக்கின்றன. ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை எப்போது போனாலும் சரி, வெயில் மட்டும் அடிக்க வேண்டும். நுழைவுக் கட்டணம் கிடையாது, விலை உயர்ந்த கேமரா வேண்டாம், முன் அனுபவமும் வேண்டாம். இருந்தும், நாள் முழுக்க நடந்துவிட்டு "வெறும் புல்தான், ஒன்றுமே இல்லை" என்று திரும்புகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் போன இடம் சரி, போன நாளும் சரி. உச்சிக்குப் போய்க் காட்சி பார்க்கும் அவசரத்தில், கணுக்கால் உயரத்தில் இருப்பதையெல்லாம் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நான் சொல்லும் வழி இது. பட்டாம்பூச்சியைத் துரத்தாதீர்கள். அதன் புழு எந்தச் செடியைத் தின்கிறதோ அந்தச் செடியைக் கண்டுபிடித்து, பக்கத்தில் உட்காருங்கள். கறிவேப்பிலைச் செடி இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, அந்தக் கறுப்புப் பட்டாம்பூச்சி ஏன் அங்கேயே சுற்றிச் சுற்றி வருகிறது என்று தெரியும். சாக் குன்றிலும் அதே கணக்குதான், செடிகள்தான் வேறு.

இந்தக் குன்றுகளில் மட்டும் என்ன விசேஷம்

சாக் என்பது மென்மையான வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை, கடலடியில் நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து படிந்து உருவானது. டோவர் கடற்கரையின் வெள்ளைப் பாறைச் சுவரும் இதுதான். நார்த் டவுன்ஸ், சவுத் டவுன்ஸ், சில்டர்ன்ஸ், வில்ட்ஷயர், டோர்செட் என்று தென் இங்கிலாந்து முழுக்க இது குன்றுகளாக ஓடுகிறது.

இந்தப் பாறைமேல் மண் சில அங்குலம்தான். பெய்த மழை நிற்காமல் கீழே இறங்கிவிடும். மண்ணில் சத்தும் குறைவு. கொழுத்து வளரும் புற்களுக்கு இங்கே பிழைப்பில்லை, அதனால் சிறு செடிகளுக்கு இடம் கிடைக்கிறது. போதாததற்கு நூற்றாண்டுகளாக ஆடுகள் மேய்ந்து புல்லை ஒட்ட வைத்திருக்கின்றன. நல்ல மேட்டில் ஒரு சதுர மீட்டருக்குள் 40 வகைத் தாவரங்கள் வரை இருக்கும். ஏழை மண்தான் இந்தச் செழிப்புக்குக் காரணம் என்பதைப் புரிந்துகொண்டால், இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து உழுது உரமிட்டதில் இந்தப் புல்வெளிகளின் பெரும்பகுதி ஏன் அழிந்தது என்பதும் புரியும். இன்று மிஞ்சியிருப்பவை அநேகமாக டிராக்டர் ஏற முடியாத செங்குத்துச் சரிவுகள். நீங்கள் தேட வேண்டியதும் அவற்றைத்தான்.

முதலில், எந்தக் குன்று

ஒரே ஒரு குன்றைத் தேர்ந்தெடுங்கள், அதற்கே திரும்பத் திரும்பப் போங்கள். பத்து இடங்களை ஒருமுறை பார்ப்பதைவிட ஒரே சரிவை ஏப்ரலிலும், மே தொடக்கத்திலும், மே கடைசியிலும் பார்ப்பதில் பல மடங்கு கற்கலாம்.

கார் இல்லாதவர்களுக்கு என் முதல் பரிந்துரை சர்ரேயில் பாக்ஸ் ஹில் வட்டாரம். விக்டோரியாவிலிருந்தோ வாட்டர்லூவிலிருந்தோ பாக்ஸ் ஹில் அண்ட் வெஸ்ட்ஹம்பிள் நிலையத்துக்கு ரயில் உண்டு. கூட்டம் எல்லாம் பாக்ஸ் ஹில் உச்சிக்குப் போகும். நீங்கள் மோல் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மறுபுறம் உள்ள டென்பீஸ் ஹில்சைடுக்குப் போங்கள். தெற்கு நோக்கிய நீண்ட சரிவு, நேஷனல் ட்ரஸ்ட் பராமரிப்பில் உள்ளது, நீலப் பட்டாம்பூச்சிகளுக்குப் பேர் போனது.

குராய்டன் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு இன்னும் சுலபம். நியூ அடிங்டன் டிராமில் ஏறினால் ஹட்சின்சன்ஸ் பேங்க் நடக்கும் தூரம்தான். வீடுகளை ஒட்டிய சிறிய சாக் சரிவு, லண்டன் வைல்ட்லைஃப் ட்ரஸ்ட் பார்த்துக்கொள்கிறது. ஸ்மால் ப்ளூ, கிரீன் ஹேர்ஸ்ட்ரீக், டிங்கி ஸ்கிப்பர் என்ற பட்டாம்பூச்சிகள் எல்லாம் அங்கேயே கிடைக்கும். கூல்ஸ்டன் சவுத் நிலையத்துக்கு மேலே ஃபார்திங் டவுன்ஸும் நல்ல இடம்தான்.

கொஞ்சம் தூரம் போகத் தயாரென்றால் மூன்று இடங்கள். ஷோரம் நகருக்கு மேலே உள்ள மில் ஹில், அடோனிஸ் ப்ளூ என்ற நீலப் பட்டாம்பூச்சிக்கு. ஹாம்ப்ஷயரில் செல்போர்ன் கிராமத்துக்கு அருகில் நோர் ஹில், டியூக் ஆஃப் பர்கண்டி என்ற அரிய பட்டாம்பூச்சிக்கு. ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் ராய்ஸ்டன் ஊரை ஒட்டிய தெர்ஃபீல்ட் ஹீத், ஈஸ்டரை ஒட்டிப் பூக்கும் பாஸ்க் மலருக்கு. பட்டுமுடி போர்த்த ஊதா இதழ்களும் நடுவே மஞ்சள் மகரந்தமுமாகத் தரையோடு தரையாக இருக்கும் அந்தப் பூவுக்காகவே ஏப்ரலில் ஒரு நாளை ஒதுக்கலாம்.

எந்த நாள், எந்த நேரம்

பட்டாம்பூச்சிக்குப் பறக்க உடம்பில் சூடு ஏற வேண்டும், அந்தச் சூடு வெயிலிலிருந்துதான் வர வேண்டும். 1976 முதல் பிரிட்டன் முழுக்கப் பட்டாம்பூச்சிகளை எண்ணிவரும் கண்காணிப்புத் திட்டத்தில் ஒரு விதி உண்டு. 13 டிகிரிக்குக் கீழே என்றால் கணக்கெடுப்பு நடை இல்லை. 13 முதல் 17 வரை என்றால் நல்ல வெயில் வேண்டும். 17-க்கு மேல் என்றால் மேகம் இருந்தாலும் நடக்கலாம். நேரம் காலை 10.45 முதல் மாலை 3.45 வரை. இதை அப்படியே உங்கள் விதியாக்கிக்கொள்ளுங்கள்.

காற்றையும் பார்க்க வேண்டும். ஊரில் தென்றலாக இருப்பது குன்றின் முகட்டில் ஆளைத் தள்ளும். அன்று உச்சியை விட்டுவிட்டு, காற்றுக்கு மறைவான பக்கத்துக்கு இறங்குங்கள். பழைய சாக் குழிகள், புதர் ஓரங்கள், பள்ளமான ஆட்டுத் தடங்கள், இங்கேதான் வெப்பம் தங்கும், பூச்சிகளும் தங்கும். தெற்கு அல்லது தென்மேற்கு நோக்கிய சரிவு எப்போதும் முதல் தேர்வு.

மாத வாரியாகச் சொன்னால், ஏப்ரல் பிற்பாதியில் பிரிம்ஸ்டோன், ஆரஞ்ச் டிப், கிரிஸ்ல்டு ஸ்கிப்பர், கிரீன் ஹேர்ஸ்ட்ரீக். மே முதல் பாதியில் டிங்கி ஸ்கிப்பரும் டியூக் ஆஃப் பர்கண்டியும். மே நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை ஸ்மால் ப்ளூ, அடோனிஸ் ப்ளூ, காமன் ப்ளூ, பிரவுன் ஆர்கஸ். ஒரே நாள்தான் கிடைக்கும் என்றால் மே மூன்றாம் வாரத்தில் போங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்

தண்ணீர், நிறைய. சாக் குன்றில் ஓடையோ ஊற்றோ கிடையாது, கடையும் இராது. தொப்பி, நீண்ட கால்சட்டை, அதை உள்ளே செருகிக்கொள்ள உயரமான சாக்ஸ், பிடிப்புள்ள காலணி. ஈரமான சாக் சோப்பு போல வழுக்கும், மழை பெய்த மறுநாள் இறக்கத்தில் கவனம். உண்ணி எடுக்கும் சிறு கொக்கி மருந்துக்கடையில் கிடைக்கும், ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நடைபாதைகளைக் காட்டும் ஓஎஸ் (ஆர்ட்னன்ஸ் சர்வே) வரைபடம் போனில் இருந்தால் நல்லது. பைனாகுலர் வாங்குவதானால் இரண்டு மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகிறதா என்று மட்டும் பாருங்கள், பட்டாம்பூச்சிக்கு அதுதான் முக்கியம். படம் எடுக்க போன் போதும்.

அடுத்தது, செடிகள்

குன்றை அடைந்ததும் முதல் அரை மணி நேரம் பட்டாம்பூச்சியை மறந்துவிடுங்கள். முழங்காலிட்டு இந்தச் செடிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கவ்ஸ்லிப் எளிது. ஒரு காம்பின் உச்சியில் வெண்ணெய் மஞ்சளில் சிறு மணிகளாகத் தொங்கும் பூக்கள், ஏப்ரல் முதல் மே வரை. அடியில் தரையோடு விரிந்த, சுருக்கம் விழுந்த இலைகள். டியூக் ஆஃப் பர்கண்டியின் புழுவுக்கு இதுதான் உணவு.

மஞ்சளில் குழப்பம் வருவது இரண்டு செடிகளிடம். ஹார்ஸ்‌ஷூ வெட்ச், பேர்ட்ஸ்ஃபூட் ட்ரிஃபாயில் இரண்டுமே அவரை இனம், இரண்டுக்கும் பூ தரையோடு மஞ்சளாக இருக்கும். பூவை விட்டுவிட்டு இலையைப் பாருங்கள். ட்ரிஃபாயிலில் மூன்று சிற்றிலைகள் நுனியிலும் இரண்டு காம்படியிலும் இருக்கும். ஹார்ஸ்‌ஷூ வெட்ச்சில் சிற்றிலைகள் இரண்டிரண்டாக நெடுக வரிசை கட்டியிருக்கும். இந்த வேறுபாட்டைக் கையில் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடோனிஸ் ப்ளூவின் புழு ஹார்ஸ்‌ஷூ வெட்ச் ஒன்றை மட்டுமே தின்னும். காமன் ப்ளூவுக்கு ட்ரிஃபாயில்.

கிட்னி வெட்ச் இன்னொரு அவரை இனம். பூங்கொத்துக்குள் பஞ்சு வைத்ததுபோல் வெள்ளை மயிர் அடர்ந்திருக்கும். புல் மூடிய இடத்தில் வளராது. பாதையோரம், குழியின் விளிம்பு, புதிதாகச் சாக் தெரியும்படி சுரண்டிய இடம் என்று பாருங்கள்.

சாலட் பர்னட் இலையைக் கசக்கி முகர்ந்தால் வெள்ளரி வாசம் வரும். சிறிய நீலப்பூ மில்க்வொர்ட். ஆர்க்கிட்களில் ஏப்ரலிலேயே வருவது ஏர்லி பர்ப்பிள். கென்ட், சசெக்ஸ், டோர்செட் கரையோரம் ஏப்ரல் கடைசியில் ஏர்லி ஸ்பைடர் ஆர்க்கிட் பூக்கும். விரல் உயரத்தில் பழுப்பு உதட்டோடு இருக்கும் அந்தப் பூ, ஒரு பெண் தேனீயின் வாசனையையே போலியாக வெளிவிட்டு ஆண் தேனீயை வரவழைக்கிறது. அது பூவோடு கூட முயன்று மகரந்தத்தைச் சுமந்துகொண்டு போகும். தேன் என்று ஒரு துளி கிடையாது.

பறிக்காதீர்கள். நில உரிமையாளர் அனுமதியின்றி எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதோடு, ஆர்க்கிட் ஒன்றைப் படமெடுக்கக் குப்புறப் படுக்கும்முன் வயிற்றுக்கு அடியில் இன்னும் எத்தனை இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பட்டாம்பூச்சிகள்

நெருங்கும் முறை முதலில். உங்கள் நிழல் அதன்மேல் விழக் கூடாது, விழுந்தால் அந்த நொடியே பறந்துவிடும். சூரியனைப் பக்கவாட்டில் வைத்து, குனிந்து, இரண்டடி எடுத்து நின்று, மறுபடி இரண்டடி. பறந்துவிட்டால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். பல இனங்களில் ஆண் தன் இடத்தைக் காவல் காக்கும், சுற்றிவிட்டு அதே கிளைக்கு வரும். காலை 11 மணிக்கு முன்னால், இறக்கையை விரித்து வெயில் காயும்போது பார்ப்பது மிகச் சுலபம்.

பிரிம்ஸ்டோன் பெரியது, ஆண் பளீரென்ற மஞ்சள், பெண் வெளிர் பச்சை கலந்த வெள்ளை. குளிர்காலம் முழுக்க முதிர்ந்த பூச்சியாகவே ஐவி கொடியின் இலைகளுக்குள் ஒளிந்திருந்து, முதல் வெயிலில் வெளியே வருகிறது. ஆரஞ்ச் டிப்பில் ஆணுக்கு மட்டுமே இறக்கை நுனி ஆரஞ்சு. கிரீன் ஹேர்ஸ்ட்ரீக் எப்போதும் இறக்கையை மூடித்தான் உட்காரும், இலைப்பச்சை நிறம், கண்ணெதிரே இருந்தாலும் தெரியாது. புதர் ஓரத்தில் சிறியதாக, பழுப்பாக ஏதோ சுழன்று பறந்து சட்டென்று மறைந்தால், அது உட்கார்ந்த இலையை மெதுவாக நெருங்குங்கள்.

கிரிஸ்ல்டு ஸ்கிப்பர் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. கறும்பழுப்பில் வெள்ளைக் கட்டங்கள், வெறுந்தரையில் காயும். டிங்கி ஸ்கிப்பர் மங்கல் பழுப்பு, அந்துப்பூச்சி என்றே தள்ளிவிடத் தோன்றும். மேகம் மூடினால் காய்ந்த பூத்தலை ஒன்றைப் போர்த்தியதுபோல் இறக்கையை மடக்கிக்கொள்ளும்.

டியூக் ஆஃப் பர்கண்டி தனி ரகம். மெட்டல்மார்க் குடும்பத்தில் ஐரோப்பாவில் வாழும் ஒரே இனம். பழுப்பில் ஆரஞ்சுச் சதுரங்கள், இறக்கை விரித்தால் மூன்று சென்டிமீட்டர் அளவு. ஒட்ட மேய்ந்த புல்லில் இராது. புதர் நிழலும் கொஞ்சம் உயர்ந்த புல்லும் கவ்ஸ்லிப்பும் சேர்ந்திருக்கும் மறைவான ஓரம் வேண்டும். அப்படி ஓர் ஓரத்தில் ஆண் ஒரு புல்நுனியில் நாள் முழுக்க உட்கார்ந்து, கடந்து போகிற எதையும் விரட்டும், ஈயைக்கூட. இது அரிய இனம். கவ்ஸ்லிப் இலைகளைப் புரட்டி முட்டை தேடும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

நீலங்களைப் பிரித்தறிவது

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

புதருக்கு மேலே, தலை உயரத்தில் பறக்கும் நீலம் என்றால் அநேகமாக ஹோலி ப்ளூ. அதன் இறக்கையின் அடிப்பக்கம் வெளிர் வெள்ளி நீலம், சிறு கறுப்புப் புள்ளிகள், ஆரஞ்சு எங்குமே இல்லை. தரையோடு, கிட்னி வெட்ச் பக்கத்தில், கறும்பழுப்பாக மிகச் சின்னதாக ஒன்று பறந்தால் ஸ்மால் ப்ளூ. பிரிட்டனின் மிகச் சிறிய பட்டாம்பூச்சி அது. பெண் பூங்கொத்துக்குள் சிற்றிதழ்களுக்கு நடுவே ஒற்றை முட்டை வைக்கும். பிறந்த புழு அந்தக் கொத்துக்குள்ளேயே இருந்து விதையைத் தின்னும்.

புல்வெளியில் தாழப் பறக்கும் பெரிய நீலங்கள் இரண்டு: காமன் ப்ளூவும் அடோனிஸ் ப்ளூவும். ஆண் அடோனிஸின் நீலம் கண்ணைப் பறிக்கும். ஆனால் நிறத்தை நம்பாதீர்கள், வெயில் கோணம் மாறினால் நிறமும் மாறும். இறக்கையின் ஓரத்தைப் பாருங்கள். இரண்டுக்குமே வெள்ளை விளிம்பு உண்டு. காமன் ப்ளூவில் அது இடையூறில்லாத வெள்ளை. அடோனிஸில் இறக்கை நரம்புகளின் முனைகள் அந்த வெள்ளையைக் குறுக்கே வெட்டி, மெல்லிய கறுப்புக் கோடுகளாக வெளிவிளிம்புவரை வரும். போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கினாலே தெரிந்துவிடும். இதேபோல் கோடு வெட்டிய இன்னொரு இனமான சாக்ஹில் ப்ளூ ஜூலையில்தான் வரும் என்பதால் மே மாதத்தில் குழப்பமில்லை. காமன் ப்ளூ, அடோனிஸ் இரண்டிலும் பெண்கள் பழுப்பு. அடிப்புறத்தில் ஆரஞ்சுப் பிறைகளோடு, துளி நீலமும் இல்லாத பழுப்பு என்றால் பிரவுன் ஆர்கஸாக இருக்கலாம்.

அடோனிஸ் எங்கே கிடைக்கும் என்பதை ஆடும் முயலும் எறும்பும்தான் தீர்மானிக்கின்றன. முட்டை வைக்க அதற்கு வெயிலில் சூடேறிய, மிகக் குட்டையான புல் வேண்டும். 1953-இல் மிக்ஸோமடோசிஸ் நோய் பிரிட்டனுக்கு வந்து முயல்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. கடிக்க ஆளில்லாமல் புல் உயர்ந்தது, மண் குளிர்ந்தது, சரிவு சரிவாக அடோனிஸ் காணாமல் போனது. மேய்ச்சல் திரும்பிய இடங்களில் அதுவும் திரும்பியிருக்கிறது. புழுவின் உடலில் சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் அதைச் சுற்றிக் காவல் நிற்கும், கூட்டுப்புழுவையும் மண்ணுக்குள் பாதுகாக்கும். ஆகவே மே மாதம் சரிவில் ஆட்டுப் புழுக்கையையும் ஒட்ட மேய்ந்த புல்லையும் கண்டால் முகம் சுளிக்காதீர்கள், சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள்.

அருகிலேயே இருக்கும் மற்றவை

சரிவெங்கும் புல் மூடிய சிறு மேடுகள் இருக்கும். மஞ்சள் எறும்புகளின் புற்றுகள் அவை, சில பல பத்தாண்டுப் பழையவை. மிதிக்கவோ உட்காரவோ வேண்டாம். பச்சை மரங்கொத்தி அவற்றைக் கிளறித்தான் சாப்பிடுகிறது.

ஏப்ரல், மே மாதங்களில் காலி நத்தை ஓடுகளைக் கவனியுங்கள். தலையும் மார்பும் கறுப்பு, வயிறு செம்பட்டை மயிர் என்று ஒரு சிறு தேனீ சுற்றினால், அது நத்தை ஓட்டில் கூடு கட்டும் மேசன் தேனீ. ஓட்டுக்குள் மகரந்தம் சேர்த்து, முட்டை வைத்து, மென்ற இலையால் வாயை அடைக்கும். அதோடு விடாது. தன்னைவிடப் பல மடங்கு நீளமான காய்ந்த புல்தண்டைக் காலிடையே பிடித்துக்கொண்டு பறந்து வந்து, ஓட்டின்மேல் சாய்த்து வைக்கும். மறுபடி போகும், மறுபடி கொண்டுவரும், ஓடு கண்ணுக்கு மறையும்வரை. காற்றில் ஒரு புல்தண்டு தானாக மிதந்து போவதைக் கண்டால் அதைப் பின்தொடருங்கள். பெரிய வெளிர் நிற ரோமன் நத்தையைக் கண்டால் எடுக்காதீர்கள், சட்டப் பாதுகாப்பு உள்ளது.

தலைக்கு மேலே வானம்பாடி நிற்காமல் பாடும். அதன் கூடு தரையில், புல்லுக்குள். பாதையை விட்டு விலகாதீர்கள், நாய் இருந்தால் கயிற்றில் வையுங்கள். சில்டர்ன்ஸ் பக்கம் போனால் வால் பிளந்த ரெட் கைட் பருந்துகள் தாழ வட்டமிடும். பிரிட்டனின் இந்தப் பகுதியில் அற்றுப்போய், 1990 வாக்கில் வெளிநாட்டுக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டபின் பெருகியவை.

பாதுகாப்பு

ஆடர் விரியன் இங்கே உண்டு, பிரிட்டனின் ஒரே நச்சுப் பாம்பு. முதுகில் கறுப்பு நெளிகோடு. தொந்தரவு செய்யாதவரை அதுவே விலகிப் போகும். கையை வைக்கும்முன், உட்காரும்முன் பாருங்கள், அது போதும்.

பாம்பைவிட உண்ணியைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். அது லைம் நோயைப் பரப்பக்கூடும். வீட்டுக்குப் போனதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், குழந்தைகளுக்குத் தலைமுடியோரம் எல்லாம் தேடுங்கள். கடித்திருந்தால் கொக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து எடுங்கள், எண்ணெயோ நெருப்போ வேண்டாம். பின்வரும் வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகப் பரவும் தடிப்போ, காய்ச்சல் போன்ற சோர்வோ வந்தால் மருத்துவரிடம் "உண்ணி கடித்தது" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். நம் தோல் நிறத்தில் அந்த வட்டம் படப்புத்தகத்தில் உள்ளதுபோல் சிவப்பாகத் தெரியாமல் போகலாம்.

வழிகாட்டிக் கம்பங்களில் மஞ்சள் அம்பு என்றால் நடைபாதை, நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் போகும் பாதை. கதவைத் திறந்தால் திரும்ப மூடுங்கள். மாட்டுக் கூட்டத்துக்கும் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள்.

பார்த்ததை எழுதி அனுப்புங்கள்

தேதி, இடம், இனம், எண்ணிக்கை. இந்த நான்கும் இருந்தால் அது ஒரு பதிவு. ஐரெக்கார்ட் செயலியில் படத்தோடு போட்டால் அந்த மாவட்டத்து நிபுணர் ஒருவர் சரிபார்ப்பார், தவறான பெயர் கொடுத்திருந்தால் திருத்துவார். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. 1968-இல் தொடங்கிய பட்டர்ஃப்ளை கன்சர்வேஷன் அமைப்பின் உள்ளூர்க் கிளைகள் வசந்தத்தில் வழிநடைகளும் நடத்துகின்றன. சந்தேகமாக இருந்தால் "ஏதோ ஒரு நீலம்" என்று உங்கள் குறிப்பேட்டில் எழுதிவைத்து, அனுப்பாமல் விட்டுவிடுங்கள்.

ஜூன் முதல் வாரத்துக்குப் பிறகு வசந்த இனங்கள் ஓய்ந்து, கோடை இனங்கள் வரும்வரை சில நாள் சரிவு வெறிச்சென்றிருக்கும். அந்த இடைவெளியில் பிரமிடல் ஆர்க்கிட்டும் தேனீ ஆர்க்கிட்டும் பூத்திருக்கும், அவற்றைப் பார்க்கலாம். அடோனிஸைத் தவறவிட்டவர்கள் ஆகஸ்ட் பிற்பாதியில் அதே ஹார்ஸ்‌ஷூ வெட்ச் சரிவுக்குப் போங்கள், அதன் இரண்டாம் தலைமுறை செப்டம்பர்வரை பறக்கும்.